74 கணினிகளும் ஒரு பயிற்சி மாணவியும்

சத்தீஸ்கர் அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளி முறையை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர், 2019 ஜனவரியில் வெளிவந்த அறிக்கையில் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். டெண்டர் விட்ட அதிகாரிகளும் டெண்டர் போட்ட ஒப்பந்ததாரர்களும் ஒரே கணினிகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிச் சிக்கிய கணினிகள் 74. துறைகள் 17. டெண்டர்கள் 1,921. மதிப்பு 4,601 கோடி ரூபாய்.

இதைக் கண்டுபிடிக்க ரகசியக் கேமராவும் தேவைப்படவில்லை, அப்ரூவரும் தேவைப்படவில்லை. எந்தக் கணினியிலிருந்து யார் உள்ளே நுழைந்தார் என்பதை அந்தத் தளமே வரிவரியாக எழுதி வைத்திருந்தது. அதிகாரிகளின் பட்டியலையும் ஒப்பந்ததாரர்களின் பட்டியலையும் அருகருகே வைத்து, இரண்டிலும் இருப்பது எது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். கணினி அறிவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு செமஸ்டர் தேர்வில் வருகிற கேள்வி. தணிக்கைக் குழு வரும்வரை அதை யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கான கருவிகளைச் செய்கிறவர்கள் யார் என்று தேடிப் போனால் ஓர் ஆச்சரியம். அரசுக் கொள்முதல் மென்பொருள் என்றதும் பெரிய பெயர்கள்தாம் நினைவுக்கு வரும். மத்திய அரசின் ‘ஜெம்’ என்கிற அரசு மின்சந்தைக்குப் புது வடிவம் கொடுக்கும் பொறுப்பு டிசிஎஸ் கைக்குப் போனது. பல மாநிலங்களில் ஓடும் ‘ஜெப்னிக்’ டெண்டர் தளம் தேசியத் தகவலியல் மையத்தின் படைப்பு. அதை உருவாக்கியது அந்த மையத்தின் சென்னைக் குழு. 2007 வாக்கில் தமிழ்நாட்டில்தான் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் இந்தப் பெரிய தளங்களிலிருந்து எண்களை எடுத்து, மாத அறிக்கையாக்கி, ஆய்வுக் கூட்டத்தில் செயலாளர் முன்னால் வைக்கிற சின்னச் சின்னக் கருவிகள் இருக்கின்றனவே, அவை வேறு உலகம். ஒரு துறை ஒரு நிறுவனத்திடம் கொடுக்கும். அந்த நிறுவனம் இன்னொரு சிறிய நிறுவனத்திடம் கொடுக்கும். அங்கே அந்த வேலை வந்து சேரும் மேஜை, பெரும்பாலும் ஓர் இன்டர்னுடையது.

தென் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவிக்கு அப்படி ஒரு மேஜை சென்னையில் கிடைத்தது. அவர் பெயரும், நிறுவனத்தின் பெயரும், துறையின் பெயரும் இங்கே வேண்டாம். கூடப் படித்தவர்கள் செயற்கை நுண்ணறிவு, ஷாப்பிங் ஆப் என்று போனபோது இவருக்கு வாய்த்தது ‘டெண்டர் ரிப்போர்ட்’. வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட ஒரு கெத்து இல்லை என்று முதலில் வருத்தம்.

வேலை சாதாரணமாகத்தான் தெரிந்தது. அந்தத் துறையின் மாவட்ட அலுவலகங்கள் எந்தெந்த டெண்டரை எப்போது விட்டன, எத்தனை பேர் போட்டார்கள், யாருக்குப் போனது, பணி ஆணை எப்போது, பில் எவ்வளவு பாஸ் ஆனது. இதெல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். அதுவரை மாதக் கடைசியில் ஓர் உதவியாளர் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து எக்ஸெல்லில் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் அடி கமாவில் விழுந்தது. கணினி மொழிகளோடு வரும் ஆயத்த நிரல்கள் பத்து லட்சத்தை மேல்நாட்டு வழக்கப்படி 1,000,000 என்று காட்டும். நம் அலுவலகத்தில் 10,00,000 என்று இருந்தால்தான் கண் படிக்கும். அதைச் சரிசெய்து எடுத்துப் போனால், கண்காணிப்பாளர் திரையில் இருந்த 12.50-ஐ விரலால் தொட்டுக் கேட்டார்: “என்னம்மா இது, லட்சமா கோடியா?” பாதி மாவட்டங்கள் லட்சத்திலும் மீதி கோடியிலும் அனுப்பியிருந்தன. தலைப்பில் ‘ரூபாய் இலட்சத்தில்’ என்று எழுதுவது கோப்புக் காலத்துப் பழக்கம். எக்ஸெல்லுக்கு மாறியபோது எண் வந்து சேர்ந்தது, தலைப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

அடுத்து நிதியாண்டு. மென்பொருளுக்கு முதல் காலாண்டு ஜனவரியில் தொடங்கும், அரசுக்கு ஏப்ரலில். இதைக் கவனிக்காமல் விட்டால், மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகக் கொட்டப்படும் செலவு ‘முதல் காலாண்டில் சுறுசுறுப்பான பணி’ என்று பச்சை நிறத்தில் மின்னும். எந்த அலுவலகமும் மறுக்காத பிழை அது!

இப்படி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. கொள்முதல் படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு கலமும் ஏதோ ஒரு பழைய தகராறின் தழும்பு. டெண்டர் அறிவிப்புத் தேதி, கடைசித் தேதி என்று இரண்டு கலங்கள் ஏன்? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் இதுதான். அடுத்த ஆண்டே கர்நாடகம் பின்தொடர்ந்தது. அதன்கீழ் 2000-இல் வந்த விதிகள், 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்கின்றன. குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த 15-ம் 30-ம் எங்கிருந்து வந்தன என்று விளக்க வேண்டியதில்லை. யாரும் படிக்காத பத்திரிகையில் விளம்பரம் வரும். விண்ணப்பப் படிவம் ‘தீர்ந்துபோச்சு’ என்பார்கள். கடைசி நாளில் டெண்டர் பெட்டி இருக்கும் அறை வாசலில் நாலு ஆட்கள் கைகட்டி நிற்பார்கள். வெளியூர்க்காரர் உறையோடு வந்தால் டீக்கடைக்கு அழைத்துப்போய் ‘பேசி’ அனுப்புவார்கள். இணையம் வந்ததும் அந்த நாலு பேருக்கு வேலை போனது. அதில் சந்தேகமில்லை, அது பெரிய மாற்றம். வாசலில் நின்று தடுத்ததை இப்போது டெண்டர் நிபந்தனைக்குள் ஒரு வரியாக எழுதிவிட முடிகிறது என்பது வேறு கதை.

தேதிக் கழித்தல் ஒன்றாம் வகுப்புக் கணக்கு. மாணவி அதை நிரலில் எழுதி ஓடவிட்டபோது, 15 நாளுக்குக் குறைவாக அவகாசம் தந்த டெண்டர்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே தவறு என்று சொல்லிவிட முடியாது. வெள்ளம், உடைந்த குழாய் என்று அவசரங்கள் உண்டு. ஆனால் காரணம் எழுதுவதற்கென்று படிவத்தில் இருந்த கலம் அநேகமாக எல்லாவற்றிலும் காலி. அந்தக் கலம் வெறும் அலங்காரம். நிரப்பாவிட்டாலும் ‘சேமி’ பொத்தான் வேலை செய்தது. கட்டாயம் என்று குறிக்க நட்சத்திரக் குறி ஒன்று போதும். அதை யார் போடச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

தளத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல பொறியியல். ஒப்பந்ததாரர் தன் விலையை ஏற்றும்போது அது அவருடைய கணினியிலேயே பூட்டப்பட்டுத்தான் மேலே போகிறது. நியமிக்கப்பட்ட திறப்பு அதிகாரிகள் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகினால்தான், அதுவும் குறித்த நேரத்துக்குப் பிறகுதான், திறக்கும். விலைப் பட்டியலுக்குத் தளம் தரும் எக்ஸெல் கோப்பின் பெயரைக்கூட ஒப்பந்ததாரர் மாற்றக் கூடாது, மாற்றினால் நிராகரிப்பு. தனியொருவர் விளையாட இடமில்லாத ஏற்பாடு. தேவைகளைக் கேட்டறியப் போன ஓர் அலுவலகத்தில் மாணவி பார்த்தது: இரண்டு அதிகாரிகளின் டோக்கன்களும் ஒரே உதவியாளரின் டிராயரில், ரப்பர் பேண்ட் போட்டு. சார் இருவரும் கேம்ப் போயிருக்கிறார்கள், திறப்பு நேரம் தவறிவிடக் கூடாதே என்று அந்த உதவியாளர் விளக்கினார். அவர் திருட்டுத்தனம் செய்கிற ஆளாகத் தெரியவில்லை. வேலை நின்றுவிடக் கூடாது என்று பதறுகிற ஆளாகத்தான் தெரிந்தார்.

கொள்முதலை மென்பொருளால் ஒழுங்குபடுத்துவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதற்கு நல்ல சாட்சி. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு உறை முறை: முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை, தகுதியில் தேறினால்தான் விலை உறை பிரிக்கப்படும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து, அதில் ஒதுக்கிய தொகைக்குள் தங்களுக்குத் தேவையான மருந்தை மாவட்டக் கிடங்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வந்திறங்கும் மருந்தின் மாதிரியை, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, சங்கேத எண் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் நடுவில், பல அலுவலகங்களில் தட்டச்சுப் பொறியே பெரிய விஷயமாக இருந்த நாளில், கிடங்குகளில் கணினி வைத்து இருப்பைக் கண்காணித்தார்கள். பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

அந்த ஏற்பாட்டின் பலம் கணினியில் இல்லை. அறிக்கையைப் பார்க்கிறவருக்கு உடனே செய்ய ஒரு காரியம் இருந்தது. இருப்பு இறங்கினால் ஆணை போட வேண்டும், காலாவதி நெருங்கினால் வேறு கிடங்குக்கு மாற்ற வேண்டும், மாதிரி தோற்றால் அந்தத் தொகுதியை நிறுத்த வேண்டும். இன்றைய டேஷ்போர்டுகள் பலவற்றில் இல்லாதது இதுதான். வட்டம், பட்டை, சிவப்பு, பச்சை எல்லாம் இருக்கும். பார்த்துவிட்டு என்ன செய்வது என்பது இருக்காது.

நம் மாணவிக்கு அடுத்து வந்தது பெயர்ச் சிக்கல். ஒரு மாவட்டத்தில் எந்த ஒப்பந்ததாரர் எத்தனை வேலை எடுத்திருக்கிறார் என்று கேட்டால், கணினி ஒரே ஆளை ஐந்தாறு ஆட்களாக்கிக் காட்டியது. ஒரு பதிவில் ‘மெஸர்ஸ்’ என்று தொடங்கும், இன்னொன்றில் ‘ஸ்ரீ’ இருக்கும், வேறொன்றில் இருக்காது; இனிஷியல் முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளி இல்லாமல். அலுவலகத்தில் சீனியர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணன், வழி சொன்னார். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, பான் எண். மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வெட்டி எடுத்துப் பொருத்து என்றார். பொருத்தியதும் பட்டியல் சுருங்கியது. வெவ்வேறு பெயர்ப் பலகைகள் ஒரே பான் எண்ணில் வந்து நின்றன. ஒரே டெண்டரில் ஒன்றுக்கொன்று போட்டியிட்டவையும் அவற்றில் இருந்தன.

எல்1, அதாவது ஆகக் குறைந்த விலை சொன்னவர், ஓர் ஆள். எல்2 அவரே.

பெயருக்கு அடுத்து வரம்புக் கணக்கு வந்தது. மத்தியத் திட்டப் பணத்தில் ஜெம் வழியாக வாங்கும் பொருள்களுக்கு 2017 பொது நிதி விதிகள் வரம்பு வகுத்தன: 50,000 ரூபாய் வரை நேரடியாக வாங்கலாம், 30 லட்சம் வரை குறைந்தது மூன்று விற்பனையாளர்களை ஒப்பிட்டுக் குறைந்த விலைக்கு, அதற்கு மேல் ஏலம். 2019-இல் அவை 25,000, 5 லட்சம் என்று இறங்கின. முந்தைய இன்டர்ன் ஒருவர் 50,000 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே அடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வரம்பு மாறினால் பழைய ஆணைகளைப் புது அளவுகோலால் அளக்கும் ஆபத்து. எண்ணோடு, அது அமலுக்கு வந்த தேதியையும் தனி அட்டவணையில் வைக்க வேண்டும். அரசு மென்பொருளில் இது பாலபாடம், கல்லூரிப் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை.

அதே விதிகளில் 157-ஆவது, தேவையைத் துண்டு துண்டாக்கி வாங்கி நடைமுறையிலிருந்து தப்பக் கூடாது என்கிறது. ஆணைகளின் தொகையை வரைபடமாகப் போட்டால், வரம்புக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு எழும்புகிறதா என்று பார்ப்பது உலகெங்கும் கொள்முதல் ஆய்வாளர்கள் கையாளும் உத்தி. மாணவியின் வரைபடத்திலும் மேடு இருந்தது.

இந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் உதாரணம். 2018-இல் அங்கே ஜல் நிகாமின் குடிநீர்த் திட்ட டெண்டர்கள் மூன்றில், சொற்ப வித்தியாசத்தில் வாய்ப்பிழந்த ஒரு பெரிய நிறுவனம் புகார் கொடுத்தது. உள்ளே ஆராய்ந்தபோது, பூட்டியிருக்க வேண்டிய விலைகள் பார்க்கப்பட்டு, குறிப்பிட்ட நிறுவனங்களை எல்1 ஆக்கும்படி மாற்றப்பட்டதற்கான தடயங்கள் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. மூன்று டெண்டர்களும் ரத்தாயின. 2019 ஏப்ரலில் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. இங்கேயும் தடயம் தளத்தின் பதிவேட்டிலேயே இருந்தது. தோற்றவர் வலுவான நிறுவனமாக இல்லாவிட்டால் அந்தப் பதிவேட்டை யார் புரட்டியிருப்பார்கள் என்பது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

உக்ரைன் வேறு மாதிரி யோசித்தது. 2014 மைதான் புரட்சிக்குப் பிறகு தன்னார்வலர்கள் வடிவமைத்த புரோசோரோ தளம் 2015-இல் சோதனை ஓட்டத்துக்கு வந்து, 2016 ஆகஸ்டில் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமானது. நிரலே திறந்தவெளியில் கிடக்கிறது, தரவு எல்லோருக்கும். மறுபக்கம் டோசோரோ என்ற தளத்தை நிறுவி, சந்தேகத்துக்குரிய டெண்டரைக் குடிமக்கள் சுட்டிக்காட்ட வழி செய்தார்கள். கேள்வி கேட்கும் உரிமையைத் துறையின் அறிக்கைக்குள் அடைக்கவில்லை என்பதே அதன் விசேஷம்.

இந்தியாவில் அதற்கு நெருக்கமான முயற்சி அசாமில் நடந்தது. பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் பெருகும் மாநிலம். வெள்ளத் தடுப்புக்கு எங்கே எவ்வளவு செலவாகிறது என்று சிவிக்டேட்டாலேப் என்ற அமைப்பு டெண்டர் தரவிலிருந்து அறிய முயன்றது. சிக்கல் என்னவென்றால், ‘இது வெள்ளப் பணி’ என்று சொல்லும் கலமே இல்லை. கரை, அரிப்பு, மதகு, பாலம் என்று டெண்டர் தலைப்புகளில் வரும் சொற்களை வலைவீசித் தேடித்தான் வெள்ளச் செலவைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஆற்றோடு மல்லுக்கட்டும் மாநிலத்தின் கொள்முதல் பதிவில் ஆற்றுக்கு இடமில்லை!

ஜெம் வழியாக 2016-17-இல் நடந்த வியாபாரம் 422 கோடி ரூபாய். 2023-24-இல் 4 லட்சம் கோடியைத் தாண்டியது. இவ்வளவு பணமும் இப்போது கணினி வரிகளாக இருக்கிறது. முன்பு கோப்பு காணாமல் போகும், கரையான் அரிக்கும், ‘தேடிப் பார்க்கிறோம்’ என்பார்கள். இப்போது எதுவும் காணாமல் போவதில்லை. எதைக் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லாததால் காட்டப்படாமல் கிடக்கிறது. அந்த முடிவு சில சமயம் இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்கு முன் வரைந்த முன்பக்க வரைபடத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

அவர் வரைந்த முன்பக்கத்தில் நான்கு பெட்டிகள் இருந்தன: ஒரே ஒருவர் மட்டும் போட்ட டெண்டர்கள், அவகாசம் குறைக்கப்பட்டவை, ஒரே பான் எண்ணில் போட்டியிட்டவை, வரம்பை ஒட்டிய ஆணைகள். துறையில் காட்டியபோது யாரும் கோபப்படவில்லை. நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். செயலாளர் ஆய்வில் முதலில் சாதனை தெரிய வேண்டாமா என்று மென்மையாகக் கேட்டார்கள். முன்பக்கத்தில் முடிந்த பணிகள், செலவான சதவீதம், மாவட்டத் தரவரிசை ஏறின. நான்கு பெட்டிகளும் ‘இதர அறிக்கைகள்’ என்ற பக்கத்துக்குப் போயின. அழிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காரணம் எழுதும் கலத்துக்கு நட்சத்திரக் குறியும் கிடைத்தது. இன்டர்ன் கையில் இருக்கும் அதிகாரத்துக்கு அது சின்ன வெற்றி இல்லை.

பயிற்சி முடிந்து அவர் ஒரு வங்கி மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஏப்ரல் முதல் வாரம் கண்காணிப்பாளரிடமிருந்து போன்: “என்னம்மா, புது வருஷமே வரமாட்டேங்குது.” நிதியாண்டுப் பட்டியலை யாரோ கையால் அடித்து வைத்திருந்தார்கள், அதில் புதிய ஆண்டு இல்லை. தன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் மாணவனை அழைத்து, எந்தக் கோப்பில் எந்த வரி என்று சொல்லிக் கொடுத்தார். மாற்றி முடித்ததும் அவன் கேட்டான்: “அக்கா, இந்த ‘இதர அறிக்கைகள்’ பக்கத்தை ஒருத்தரும் திறக்கிறதே இல்ல. லோடு ஆக லேட் ஆகுது, எடுத்துடட்டுமா?”

“எடுக்காத தம்பி. ஆடிட் வந்தா அதைத்தான் கேப்பாங்க.”